ஆபீஸ் செலவு, சொந்தக் கார்டு: பாயிண்ட் யாருக்கு?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மூலப்பொருள் தருகிற தொழிற்சாலைகளை நேரில் போய்ப் பார்த்துவர மாதம் இரண்டு மூன்று தடவை அகமதாபாத், ஹைதராபாத் என்று கிளம்ப வேண்டியிருக்கிறது. விமான டிக்கெட், ஹோட்டல், டாக்சி எல்லாம் அவருடைய சொந்த கிரெடிட் கார்டில். மாதம் சராசரியாக 70,000 ரூபாய். பில் கொடுத்தால் கம்பெனி அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறது. மூன்று வருஷமாக இப்படிச் சேர்ந்த பாயிண்ட்டில் அப்பா அம்மாவைக் காசிக்கு விமானத்தில் அனுப்பி வைத்திருக்கிறார்.

விஷயம் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் காதுக்குப் போயிருக்கிறது. “கம்பெனி காசில் சேர்ந்த பாயிண்ட் கம்பெனிக்குத்தானே?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். “திருடினது போலக் கூசிப்போனேன் சார். நான் செய்தது தப்பா? இதற்கு வரி உண்டா? கம்பெனி கார்டு தருவதாகச் சொல்கிறார்கள், வாங்கிக்கொள்ளவா? பர்ச்சேஸில் வேறு, லேப் கெமிக்கல் பில் 2 லட்சத்தை உன் கார்டில் போடு, உனக்கும் பாயிண்ட் கிடைக்கும் என்கிறார்கள்” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். நீங்கள் எதையும் திருடவில்லை. கம்பெனியில் இதற்கென்று எழுதிவைத்த விதி இல்லாத வரை அந்தப் பாயிண்ட் உங்களுடையது.

ஏன் என்று சொல்கிறேன். ஹோட்டலில் கார்டைத் தேய்க்கும் நேரத்தில் அங்கே கம்பெனி பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. வங்கி உங்கள் பேரை நம்பிக் கடன் கொடுக்கிறது. நாளைக்குக் கம்பெனி பணம் தர இழுத்தடித்தாலும், வங்கி உங்களைத்தான் கேட்கும். சேதராப்பட்டுக்கு ஆள் அனுப்பாது. கடைக்காரரிடம் வாங்கும் கமிஷனில் ஒரு சிறு பங்கைத்தான் வங்கி பாயிண்ட்டாகக் கார்டு வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில். கம்பெனி அதில் ஒரு தரப்பே இல்லை.

ஆனால் “விதி இல்லாத வரை” என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு விதி இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு நிதி அமைச்சகம் 2017 ஜூலை 13இல் வெளியிட்ட பயணப்படி உத்தரவில், அலுவல் பயண டிக்கெட்டில் சேரும் விமான மைலேஜ் பாயிண்ட்டுகளை அந்தத் துறையின் அலுவல் பயணத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும், சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை வரும் என்று நேராகவே எழுதியிருக்கிறது. ஜிப்மர் போல மத்திய அரசு விதிகள் செல்லும் இடத்தில் வேலை பார்க்கிற உங்கள் தோழி யாராவது இதைப் படித்து “நமக்கும் பாயிண்ட் சொந்தம்தான்” என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தன் நிர்வாகப் பிரிவில் கேட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். அமெரிக்காவில் நேர்மாறு: அரசுப் பயணத்தில் சேர்ந்த மைலை ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என்று 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தில் சேர்த்தது. ஆக, இது முதலாளி வைக்கிற விதியைப் பொறுத்த விஷயம். உங்கள் மேனேஜர் நாலு பேர் முன்னால் கேட்டது விதி ஆகாது. எழுதிக் கொடுத்தால்தான் விதி.

சரி, பாயிண்ட் உங்களுடையது என்பதால் எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாமா? கூடாது. பாயிண்ட்டுக்காகக் கம்பெனிக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு வந்தாலும் அந்த இடத்தில் நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இதில் நான் கறார்தான். ஏனென்றால் தெரிந்து செய்பவர்கள் குறைவு, தெரியாமலே செய்கிறவர்கள்தான் அதிகம்.

எப்படித் தெரியாமல் நடக்கிறது என்று பாருங்கள். வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் டிக்கெட் எடுத்தால் ஐந்து மடங்கு பாயிண்ட் என்று செய்தி வருகிறது. அதே விமானம், அதே நேரம், ஆனால் வேறு இடத்தைவிட 400 ரூபாய் கூடுதல். பாயிண்ட் உங்களுக்கு, 400 ரூபாய் கம்பெனிக்கு. இது தப்பு. சின்ன ஹோட்டலில் “கார்டு என்றால் 2 சதவீதம் சேர்த்துத்தான் போடுவோம், யுபிஐ என்றால் இல்லை” என்கிறார்கள். பாயிண்ட்டுக்காகக் கார்டை நீட்டி, அந்த 2 சதவீதத்தையும் கிளெய்மில் சேர்த்தால் அதுவும் தப்புதான். ஐஆர்சிடிசியிலேயே ஏ.சி. டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் கார்டில் 30 ரூபாய், யுபிஐயில் 20 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. பத்து ரூபாய்தானே என்று தோன்றும். தொகை சின்னது, ஆனால் கேள்வி அதேதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஜிஎஸ்டியில் இருக்கிறது. உங்கள் கம்பெனி புதுச்சேரியில் பதிவானது, ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும். விமான டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணையும் கம்பெனி பெயரையும் அதற்கான கட்டத்தில் போட்டால், எகானமி டிக்கெட்டின் 5 சதவீத வரியைக் கம்பெனி உள்ளீட்டு வரியாக, அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளலாம். கட்டணம் 9,000 ரூபாய் என்றால் வரி 450. சொந்தக் கணக்கில் லாகின் செய்து, சொந்த ஆஃபரைப் போட்டு அவசரமாக டிக்கெட் எடுக்கும்போது அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே போகிறது. உங்களுக்கு 90 ரூபாய் பாயிண்ட் வந்திருக்கும். கம்பெனிக்கு 450 போயிருக்கும். அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு உங்கள்மேல் உண்மையான கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், எனக்கு முதலில் இங்கேதான் சந்தேகம். மூன்று மாத டிக்கெட் பில்லை எடுத்து ஒருமுறை பாருங்கள், 34 என்று தொடங்கும் எண் அதில் இருக்கிறதா என்று.

ஹோட்டலில் கதை வேறு. தங்கும் இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வரிதான் விழும். அகமதாபாத் ஹோட்டல் பில்லில் குஜராத்தின் வரி இருக்கும். குஜராத்தில் பதிவு இல்லாவிட்டால் புதுச்சேரிக் கம்பெனிக்கு அது திரும்ப வராது. அதற்காகக் கம்பெனி எண்ணைப் போடாமல் விட வேண்டாம். பில் கம்பெனி பெயரில் இருப்பது, அது அலுவல் செலவு என்பதற்குச் சாட்சி.

வரி விஷயத்துக்கு வருவோம். அலுவல் வேலைக்காகச் செலவு செய்து, பில் கொடுத்து, அதே தொகையைத் திரும்பப் பெறுவது சம்பளம் ஆகாது. ஆனால் வருமான வரி விதிகள் இதற்கு ஒரு நிபந்தனை வைக்கின்றன. கிரெடிட் கார்டுச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டால், அது ஊழியருக்குக் கிடைத்த சலுகையாக எண்ணப்பட்டு வரிக்கு உட்படும். முழுக்க அலுவலுக்கான செலவு என்று தேதி, செலவின் தன்மை உட்படக் கம்பெனி கணக்கு வைத்திருந்து, அப்படியே சான்றும் கொடுத்தால் மட்டும் வரி இல்லை. அதனால் கிளெய்ம் படிவத்தில் “பயணம் – 23,400” என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை ஆய்வு என்று எழுதுங்கள். கார்டின் ஆண்டுக் கட்டணத்தைக் கம்பெனியிடம் கேட்கவும் வேண்டாம். அது சொந்தக் கார்டு, அந்தக் கட்டணம் உங்களுடையது.

பாயிண்ட்டுக்கு? உங்களைப் போலச் சம்பளக்காரர்கள் சொந்தக் கார்டில் பெறும் பாயிண்ட்டை வங்கி தரும் தள்ளுபடியாகத்தான் பார்க்கிறோம். ரிட்டர்னில் வருமானமாகக் காட்டும் வழக்கம் இல்லை. சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது, அவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்கட்டும்.

ஆனால் வரித்துறை உங்களைப் பார்க்கிற ஒரு ஜன்னல் இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு நிதியாண்டில் கிரெடிட் கார்டு பில்லுக்கு ஒருவர் கட்டியது 10 லட்சம் ரூபாயைத் தொட்டால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்திலேயே. உங்கள் அலுவல் செலவு மாதம் 70,000 என்றால் வருஷத்துக்கு 8 லட்சத்து 40 ஆயிரம். வீட்டு மளிகை, மருந்து, பிள்ளைகள் ஃபீஸ் என்று மாதம் 20,000 சேர்ந்தால் 10 லட்சத்து 80 ஆயிரம். அது உங்கள் ஏஐஎஸ் அறிக்கையில், அதாவது உங்கள் பணப் பரிவர்த்தனை பற்றி வரித்துறை வைத்திருக்கும் வருடாந்தரத் தகவல் அறிக்கையில், வந்து உட்காரும். சம்பளம் 7 லட்சம், கார்டில் கட்டியது 10 லட்சத்து 80 ஆயிரம் என்றால், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம்தானே? பதில் உங்களிடம் சுத்தமாக இருக்கிறது, கையில் காகிதமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு மாத கிளெய்ம் படிவம், ஒப்புதல் மெயில், வங்கிக் கணக்கில் பணம் வந்ததற்கான பதிவு, இந்த மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். டாக்சி, சாப்பாட்டு பில்லெல்லாம் வெப்பத்தில் அச்சாகும் தாள். ஆறு மாதத்தில் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். முடிந்தால் அலுவல் செலவுக்கென்று ஒரு கார்டைத் தனியாக ஒதுக்கி, மளிகை பில்லை அதன் பக்கமே விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை குறையும். ஃபார்ம் 16 வந்ததும், திருப்பித் தந்த தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் கேட்டதற்கும் அதை ஒட்டியதற்கும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில், “25ஆம் தேதிக்குள் பில் கொடுத்தால் அடுத்த மாதம் 7ஆம் தேதி பணம் வரும். என் கார்டு பில் 12ஆம் தேதி போடுவார்கள், 1ஆம் தேதி வாக்கில் கட்ட வேண்டும், சில மாதம் மினிமம் மட்டும் கட்டிச் சமாளிப்பேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்கள் பாயிண்ட் முழுவதும் கரைந்து போவது அந்தச் “சில மாதத்தில்”தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70,000 ரூபாய்க்கு உங்கள் பாயிண்ட், தாராளமாக 1 சதவீதம் என்று வைத்தாலும், 700 ரூபாய். ஒரு மாதம் அந்தத் தொகை முழுதாகக் கட்டப்படாமல் நின்றால், மாதம் 3.5 சதவீத வட்டி என்ற கணக்கில் 2,450 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 441. மொத்தம் 2,891. நாலு மாதப் பாயிண்ட் போயிற்று. மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம்தான் வராது, வட்டி நிற்காது. பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். கம்பெனி உங்களுக்கு 70,000 தரும், 2,891 தராது.

சிக்கல் தேதியில் இருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். ஜூன் 28ஆம் தேதி ஹைதராபாத் போகிறீர்கள் என்று வையுங்கள். ஜூன் 25 தாண்டிவிட்டதால் அந்த பில் ஜூலை 25இல்தான் போகும், பணம் ஆகஸ்ட் 7இல் வரும். ஆனால் கார்டில் அது ஜூலை 12 ஸ்டேட்மென்ட்டில் விழுந்து, ஆகஸ்ட் 1இல் கட்ட வேண்டும். ஆறு நாள் இடைவெளி, அங்கேதான் மாட்டுகிறீர்கள். ஸ்டேட்மென்ட் தேதியை 22க்கு மாற்றினால்? அதே ஜூன் 28 செலவு ஜூலை 22இல் பில்லாகி, ஆகஸ்ட் 11 வாக்கில் கட்ட வேண்டியதாகும். 7ஆம் தேதியே கம்பெனி பணம் வந்திருக்கும். மாதத்தின் எந்தத் தேதியில் பயணம் போனாலும் இந்தக் கணக்கு ஒத்துவருகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள், கார்டு வைத்திருப்பவர் குறைந்தது ஒரு தடவையாவது பில் சுழற்சியை மாற்றிக்கொள்ள வங்கி வழி செய்ய வேண்டும் என்கின்றன. அதனால் தயங்காமல் கேளுங்கள், சலுகை கேட்பது போலக் கெஞ்ச வேண்டியதில்லை. அப்புறம், பணம் வந்த 7ஆம் தேதியே கார்டுக்குக் கட்டிவிடுங்கள். சம்பளக் கணக்கில் நாலு நாள் கிடந்தால் வேறெதற்காவது போய்விடும்.

டிக்கெட் ரத்தானால் என்ன ஆகிறது என்பதையும் கவனித்து வையுங்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். நம் ஊரில் நவம்பர், டிசம்பரில் பயணம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. டிக்கெட் பணத்தை நீங்கள் ஏற்கெனவே கிளெய்ம் செய்து வாங்கியிருப்பீர்கள். ரத்தான தொகை சில வாரம் கழித்துச் சத்தமில்லாமல் கார்டில் வந்து சேரும். அது கம்பெனி பணம். பார்த்த அன்றே அக்கவுண்ட்ஸுக்கு மெயில் போட்டு அடுத்த கிளெய்மில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாயிண்ட்டை வைத்துக்கொண்டதற்கு உங்களை யாரும் தண்டிக்க முடியாது. ரீஃபண்டை மறந்ததற்கு வேலையே போகலாம். மறந்தேன் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

கெமிக்கல் பில்லுக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். பயணம் போனவர் தன் பயணச் செலவைக் கட்டுவது ஒன்று, கம்பெனியின் கொள்முதலுக்கு ஊழியர் கடன் வாங்கிக் கொடுப்பது முற்றிலும் வேறு. சொந்த உபயோகத்துக்கான கார்டில் வியாபாரக் கொள்முதல் செய்யக் கூடாது என்று பல வங்கிகளின் நிபந்தனையிலேயே இருக்கிறது; கண்டுபிடித்தால் பாயிண்ட்டைப் பறிக்கலாம், கார்டையே முடக்கலாம். கடலூரில் வீட்டுக் கடனுக்கு முயற்சி செய்வதாகவும் சொல்கிறீர்கள். 3 லட்சம் வரம்பில் 2 லட்சத்து 70 ஆயிரம் பயன்படுத்தியதாகக் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போனால், வங்கி மேலாளர் உங்களை நெருக்கடியில் இருப்பவர் என்றுதான் படிப்பார். 2 லட்சத்துக்குச் சப்ளையரிடம் கடன் கேட்க முடியாத கம்பெனி, அல்லது கேட்க மனமில்லாத கம்பெனி, உங்களுக்கு மட்டும் 7ஆம் தேதி தவறாமல் தரும் என்று என்ன நிச்சயம்? “என் கார்டில் அவ்வளவு வரம்பு ஒதுக்க முடியாது சார்” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். விளக்கம் தேவையில்லை.

கம்பெனி கார்டு தருகிறார்கள் என்றால், பில்லைக் கம்பெனியே நேரடியாக வங்கிக்குக் கட்டும் கார்டா என்று முதலில் கேளுங்கள். சில கார்டுகள் பெயருக்குத்தான் கம்பெனி கார்டு. கம்பெனி கட்டாவிட்டால் உங்களைத் துரத்துவார்கள். பொறுப்பு முழுவதும் கம்பெனியுடையது என்று எழுத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். விமானமும் ஹோட்டலும் அதில் போகட்டும். மாதம் 700 ரூபாய் பாயிண்ட் போகும், உண்மைதான். பதிலுக்கு 70,000 ரூபாய் கடன் உங்கள் தலையிலிருந்து இறங்கும், வரித்துறைக்குப் போகிற தொகையும் குறையும், வீட்டுக் கடனுக்கும் நல்லது. என் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

கார்டு வருகிற வரைக்கும் உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மெயில் அனுப்புங்கள். மேனேஜருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்து: “பயணச் செலவை என் சொந்த கிரெடிட் கார்டில் செலுத்தி, பில்லுடன் கிளெய்ம் செய்து வருகிறேன். அதற்கான ரிவார்டு பாயிண்ட் என் கார்டுக் கணக்கில் சேர்கிறது. இது குறித்துக் கம்பெனி விதி ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும். தெரிவித்த நாளிலிருந்து அதன்படி நடந்துகொள்கிறேன்.” இவ்வளவு போதும். காசி டிக்கெட்டைப் பற்றி அதில் எழுத வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் பழையபடியே தொடருங்கள். பாயிண்ட் கம்பெனிக்குத்தான் என்று எழுத்தில் பதில் வந்தால் வாதாட வேண்டாம். அடுத்த பயணத்துக்கு முன்பணம் கேளுங்கள், அல்லது டிக்கெட்டையும் ஹோட்டலையும் கம்பெனியே போட்டுத் தரச் சொல்லுங்கள். பாயிண்ட் அவர்களுக்கு என்றால் கடனும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். அந்த விதி வந்த தேதிக்கு முன்னால் சேர்ந்ததையும் செலவழித்ததையும் யாராவது திருப்பிக் கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை.